நிழலில் இருக்கும் நீலம்

வசுமதியை உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது அவளுக்குப் பின்னால் பச்சைத் திரை இருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் கட்டில் மறைப்பாக இழுத்துவிடுவார்களே, அந்தத் துணி. எத்தனையோ முறை துவைத்து வெளுத்திருந்தாலும் பச்சை பச்சைதான். பொன்னுரங்கம் மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். "செருப்ப பாத்துப் போட்டுக்கிட்டுப் போங்க, பக்கத்து பெட்காரரோடதும் அதே மாதிரி இருக்கு" என்றாள் அவள். அவ்வளவுதான். செருப்பைப் போட்டுக்கொண்டு, சரியான செருப்பைத்தான் போட்டுக்கொண்டு, ஒருமுறை திரும்பிப் பார்த்தார், அப்போது அவருக்குத் தோன்றியது, கன்னத்து ஓரத்தில் திரையின் நிறம் அடிக்கிறது, அதை எடுக்க வேண்டும் என்பதுதான். பச்சைத் துணிக்கு முன்னால் ஆளை நிறுத்திப் படம் பிடித்தால் துணியின் சாயல் காதுமடலிலும் தாடைக்குக் கீழேயும் லேசாகப் படியும், அதைத் தேடித் தேடித் துடைப்பது அவருக்குச் சோறு போடுகிற வேலை, இருபது வருஷமாக அதையே செய்கிறவனுக்கு வேறு என்ன தோன்றும், ஆனாலும் இத்தனை காலம் கூட வாழ்ந்தவளைக் கடைசியாகப் பார்க்கிற பார்வையில் தோன்ற வேண்டியது அதுவா. கடைசி என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் நல்லதாக என்ன தோன்றியிருக்கும். மருந்துக் கடையில் கூட்டம். திரும்பி வந்தபோது திரையைச் சுற்றிலும் இழுத்து மூடியிருந்தார்கள், உள்ளே ஆட்கள் பேசும் சத்தம் கேட்டது, மூடிய திரைக்கு வெளியே மருந்துப் பொட்டலத்தோடு நின்றார். அந்தக் கன்னத்து நிறம் திரையில் இருந்து வந்ததா, கன்னத்திலேயே இருந்ததா. இந்த இடத்தில் வந்து நினைப்பு எப்போதும் மாட்டிக்கொள்ளும், துணி ஆணியில் மாட்டிக்கொள்கிற மாதிரி, இழுத்தால் கிழியும், விட்டால் தொங்கும்.

இப்போதும் மாட்டிக்கொண்டிருந்தது, ஒன்றரை வருஷம் கழித்து, சாலிகிராமத்தில் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டி அடைத்த அறையில், ஏசி குளிரில், மானிட்டருக்கு முன்னால். திரையில் இன்னொரு பெண்பிள்ளை நின்றுகொண்டிருந்தாள், அறுபது வயது, அம்மா வேஷம் கட்டுகிற திலகா. அவள் பின்னால் வேதாரண்யம் உப்பளம், விடிகிற நேரம், வெள்ளை வெள்ளையாகக் குவித்த உப்பு. உண்மையில் அந்தம்மாள் வேதாரண்யம் போனதே இல்லை. மூட்டுவலி, உப்புச் சேற்றில் நிற்க முடியாது என்று சொல்லிவிட்டார், பெருங்குடியில் ஒரு கிடங்குக்குள் பச்சைத் துணி கட்டி அதன் முன்னால் நிற்க வைத்து எடுத்தார்கள், காமிராமேன் விக்டர் மட்டும் ஆட்களோடு போய் வெறும் உப்பளத்தை எடுத்துவந்தார். முன்னால் இருப்பவளுக்குக் கிடங்கு விளக்கின் வெளிச்சம், பின்னால் இருப்பதற்கு வானத்து வெளிச்சம். இரண்டையும் ஒரே காலையில் ஒரே காற்றில் நிற்கிற மாதிரி ஆக்குவது பொன்னுரங்கத்தின் பாடு. முதலில் கறுப்பைப் பிடிக்க வேண்டும், இதில் எது ஆகக் கறுப்பு அதில் எது ஆகக் கறுப்பு, பிறகு வெள்ளையை, பிறகு நடுவில் கிடக்கிற எல்லாவற்றையும், நடுவில்தானே மனுஷர்களின் தோல் இருக்கிறது. இந்தக் காட்சியில் பதினொரு ஷாட்டை ஏற்கனவே முடித்து அனுப்பியாகிவிட்டது. இது பன்னிரண்டாவது, இதற்குப் பிறகும் இருக்கிறது. மதியத்துக்குள் விக்டர் வந்து பன்னிரண்டையும் பெரிய திரையில் வரிசையாகப் பார்க்கப்போகிறார். அந்தப் பதினொன்றும் தப்பு என்பது இந்த நிமிஷம் இந்தக் கட்டடத்தில் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும், அவருக்கும் அது நிச்சயமாகத் தெரியுமா என்றால் தெரியாது.

அவர் உள்ளங்கையால் வலது கண்ணை மூடினார். உப்பு பழைய வேட்டி நிறத்தில் இருந்தது, நிழல்கள் சாம்பலாக, திலகாவின் கன்னத்து நிழலும் அதோடு ஒத்து, எல்லாம் ஒரே குடும்பமாக நிம்மதியாக இருந்தது. கையை மாற்றி இடது கண்ணை மூடினார். உப்பு பளீரென்று எழுந்தது, ஒவ்வொரு குவியலின் நிழல்பக்கமும் நீலமாக, அந்த நீலத்தை எப்படித் தன் வாழ்நாளில் பார்க்காமல் இருந்தோம் என்கிற மாதிரி நீலமாக. மூன்று வாரத்துக்கு முன்னால் வலது கண்ணில் புரை எடுத்திருந்தது. மறுநாள் கண்கட்டைப் பிரித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வெளியே வந்தபோது தண்ணீர் லாரிக்காக வரிசை வைத்த பிளாஸ்டிக் குடங்களைப் பார்த்துவிட்டு ஆட்டோவில் ஏறாமல் நின்றார், இவ்வளவு நீலமா, யார் இத்தனை நாள் இதை எடுத்து ஒளித்து வைத்திருந்தது. "இடது கண்ணுலயும் நல்லா முத்திடுச்சு. மெதுவா வர்றதால உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, மஞ்சக் கண்ணாடி போட்டுக்கிட்டே பாத்திருக்கீங்க" என்றார் டாக்டர். எத்தனை வருஷமாக என்று கேட்டார் பொன்னுரங்கம். "யாருக்குத் தெரியும், அஞ்சு, ஆறு இருக்கும். என்ன வேலை பாக்கறீங்க?" "கம்ப்யூட்டர்ல வேலைங்க." டாக்டரிடம்கூட சொல்லவில்லை. கலர் பார்க்கிறவனுக்குக் கண் கெட்டது என்றால் சமையல்காரனுக்கு நாக்கு செத்துப்போனதற்குச் சமம், இந்த ஊரில் பேச்சு ஒரு டீக்கடையிலிருந்து இன்னொரு டீக்கடைக்குப் போவதற்குள் வேலை போய்விடும். ஆபீஸில் மகளைப் பார்க்கப் புனே போவதாகச் சொல்லித்தான் லீவு. எடுத்த லென்ஸை என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு டாக்டர் சிரித்தார், "உள்ளயே தூளாக்கி உறிஞ்சிடுவோம், கையில ஒண்ணும் மிஞ்சாது." இடது கண்ணுக்குத் திங்கட்கிழமை. அஞ்சு, ஆறு. அஞ்சு என்றால் வசுமதி நன்றாக இருந்த காலம், ஆறு என்றால் மகள் ஹேமா கல்யாணம். அப்படியானால் கல்யாணத்தில் பார்த்த கூரைப்புடவை, அப்படியானால் வீட்டுச் சுவர், அப்படியானால் வசுமதியின் கடைசி வருஷம் முழுவதும்.

ஆனால் புதுக் கண்ணை நம்பலாமா. இத்தனை வருஷம் மஞ்சளைப் பார்த்துப் பழகிய மூளைக்கு வெள்ளையே நீலமாகத் தெரியும், சில வாரத்தில் அடங்கும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அடங்கிவிட்டதா இன்னும் அடங்கவில்லையா என்பதை எதை வைத்துப் பார்ப்பது, பார்ப்பதற்கு இருக்கிற சாமானே அதுதானே. கம்ப்யூட்டர் காட்டுகிற நம்பர் இருக்கிறது. நம்பருக்குப் புரை விழாது. படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றையும் கறுப்பு வெள்ளையாகப் போட்டுப் பார்க்கலாம், அப்போது கலரே தெரிய வேண்டியதில்லை, வெளுப்பும் கறுப்பும் ஒத்துப்போனால் போதும். போன வாரம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் பழைய பதினொன்றில் ஐந்தாவதை எடுத்து நீலத்தை மட்டும் போட்டுப் பார்த்தார். உப்பு நிழல் வெளுப்பாக இருந்தது, திலகாவின் நிழல்பக்கம் கரியாக இருந்தது. பிஞ்சுக் குழந்தைக்குக்கூடத் தெரியும், ஒட்டவில்லை. சட்டென்று அதை மூடிவிட்டு யாராவது பார்த்தார்களா என்று திரும்பினார். யாரும் இல்லை, யாரோ விட்டுப்போன டிபன் பாக்ஸ் மூடி மட்டும் மேஜையில். நௌஷாத்தாவது நம்பரைப் பார்த்திருக்கலாமே, அவன்தான் இந்த ஆபீஸுக்குப் பொறுப்பு, பார்க்க வேண்டியவன். பார்க்க மாட்டான். "பொன்னுரங்கம் அண்ணே பாத்துட்டாரா, அப்ப அனுப்பு" என்பான். அதற்கு மேல் கேள்வி கிடையாது, அந்த மரியாதை கிடைக்க அவருக்கு எத்தனை வருஷம் ஆயிற்று, எந்தப் படிப்பும் இல்லாமல், வடபழனியில் கல்யாண ஆல்பம் போடுகிற கலர் லேபில் தொடங்கி. அந்த லேப் முதலாளி ஒருநாளும் கல்யாணப் பெண்ணை அவள் நிறத்தில் விட்டதில்லை. "மாப்ள வீட்டுக்காரன் காசு குடுக்கறான்யா, பொண்ண ரெண்டு பாயிண்ட் வெளுக்க வை" என்பார். பொன்னுரங்கம் ஒரு பாயிண்ட்தான் வெளுக்க வைப்பார். ஒரு பாயிண்ட்டுக்கு மேல் அவருக்குக் கை வராது.

சொட்டு மருந்துக்கு நேரமாகியிருந்தது. கழிவறைக்குப் போக எழுந்தவர், போகிற வழியில் யாரும் இல்லை என்று நினைத்து நடையிலேயே நின்று தலையை அண்ணாந்து விட்டுக்கொண்டபோது பக்கத்து அறையிலிருந்து பிரமிளா வந்துவிட்டாள். உருவங்களை ஓரம் வெட்டி எடுக்கிற வேலை அவளுக்கு, திலகாவின் தலைமுடியை ஒவ்வொரு இழையாக வெட்டிக் கொடுத்தவள் அவள்தான். "என்னண்ணா, கண்ணுல மருந்தா?" "ஏசி. காஞ்சு போகுது." "எனக்கும் எரியுதுண்ணா, குடுங்க ரெண்டு சொட்டு." அவர் பாட்டிலைக் கைக்குள் மூடிக்கொண்டார், மருந்தின் பேர் தெரிந்துவிடும். "இது ஒருத்தர் போட்டத இன்னொருத்தர் போடக் கூடாதும்மா." "ஐயோ, என்னமோ சொத்து கேட்ட மாதிரி பயப்படறீங்க" என்று சிரித்துவிட்டு, போகிற போக்கில் நின்றாள். "அண்ணா, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே. அந்த அஞ்சாவது ஷாட்ல அந்தம்மா கழுத்துக்கிட்ட ஏதோ ஒரு மாதிரி இல்ல?" அவர் பாட்டிலைச் சட்டைப் பைக்குள் போட்டார். "என்ன மாதிரி?" "தெரியல. என் கட்டிங்தான் சரியில்லையோன்னு ரெண்டு தடவ போட்டுப் பாத்தேன். கட்டிங் சரியாத்தான் இருக்கு. நீங்க பாத்துட்டீங்கன்னா சரி." நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்றால் சரி. போய்விட்டாள். மருந்து தொண்டை வரை இறங்கிக் கசந்தது.

கசப்போடு வந்து உட்கார்ந்தார். அவளுக்குத் தெரிந்திருக்கிறது, பெயர் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான், வசுமதியாக இருந்தால் பெயரையும் சொல்லியிருப்பாள். வசுமதி வீட்டில் ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள், தெருப் பெண்கள் சேலையைக் கொண்டுவந்து கொடுத்தால் மேட்சிங் சென்டருக்கு அவளே போய்த் துணி எடுத்து வருவாள், அவரும் சில நாள் கூடப் போயிருக்கிறார். கடைக்காரன் சுவர் முழுக்க அடுக்கிய துணிகளிலிருந்து ஒரே நிறத்தில் எட்டுக் கட்டை இழுத்துப் போட்டு, "இதவிட கரெக்ட் மேட்ச் மெட்ராஸ்லயே கெடையாதுக்கா" என்பான். அவள் சேலையையும் துணியையும் எடுத்துக்கொண்டு கடைக்கு வெளியே படி இறங்கி வெயிலில் பிடித்துப் பார்ப்பாள். உள்ளே ஒன்றாக இருந்தது வெளியே வேறு வேறாக நிற்கும். "உங்க லைட்டு பொய் சொல்லுதுப்பா" என்று கடைக்குள் எட்டிச் சொல்வாள். அவருக்கு அந்த வித்தையைப் புத்தகம் சொல்லிக்கொடுக்கவில்லை, அந்தப் படிதான் சொல்லிக்கொடுத்தது. வெளிச்சத்தைக் கழித்துவிட்டுப் பொருளைப் பார். வெளிச்சத்தைக் கழித்துக் கழித்து அவர் அதில் கெட்டிக்காரர் ஆனார், எந்த அறைக்குள் போனாலும் முதலில் விளக்கைப் பார்ப்பார், இது மஞ்சள், இது பச்சை கலந்தது, மனசுக்குள்ளேயே கழித்துவிடுவார், கழிக்கிறோம் என்பதே தெரியாமல் கழிப்பார். அதனால்தான் ஹேமா புனேயிலிருந்து வீடியோவில் கூப்பிட்டு அம்மாவோடு பேசிவிட்டு, போனை அப்பாவிடம் கொடுக்கச் சொல்லி, குரலை இறக்கி, "அப்பா, அம்மா கண்ணு மஞ்சளா இல்ல?" என்று கேட்டபோது அவர் வசுமதியைத் திரும்பிப் பார்த்தார், கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள், கண் கண் மாதிரிதான் இருந்தது, வெள்ளையாகத்தான் இருந்தது, "போன் காமிராவுல வொயிட் பேலன்ஸ் அப்படித்தாம்மா காட்டும்" என்றார். அதைச் சொன்னபோது பெருமையாகக்கூட இருந்தது. ஹேமா, "ஓ, அப்படியா" என்றாள். தொழில் தெரிந்த அப்பா சொன்னால் சரி. அடுத்த வாரம் மறுபடியும் கேட்டாள், அவர் ஹால் டியூப்லைட்டை மாற்றினார். கடைக்குப் போய், பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்து, பகல் வெளிச்சத்துக்குச் சமமான விளக்காகப் பார்த்து வாங்கிவந்து, ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினார், வசுமதி கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, "நல்லா எரிஞ்சிட்டிருந்தத எதுக்கு மாத்தறீங்க" என்று அண்ணாந்து பார்த்தாள், புது விளக்கு அவள் முகத்துக்கு நேராக எரிந்தது, அப்போதும் வெள்ளைதான். மஞ்சள் கண்ணாடிக்குள் இருந்து பார்த்தால் மஞ்சளும் வெள்ளையும் ஒன்றுதான் என்பது அவருக்கு மூன்று வாரத்துக்கு முன்னால் தெரியவந்தது. கணையத்தில் கட்டி. முன்னாலேயே வந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஒரு தடவை இல்லை, ஹேமா கேட்கும்போதெல்லாம் சொன்னார்கள். பெரிதாக. பெரிதாக இல்லாமல் என்ன மாறியிருக்கும், சின்னதாக என்ன மாறியிருக்கும், அதை யாரும் சொல்லவில்லை.

பன்னிரண்டாவதைச் சரியாகச் செய்வது என்று எப்போது முடிவெடுத்தார் என்பது அவருக்கே தெரியவில்லை, கை ஏற்கனவே செய்துகொண்டிருந்தது. இடது கண்ணை மூடி வலது கண்ணால் மட்டும், நம்பரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, திலகாவின் நிழல்பக்கத்தில் நீலத்தை ஏற்றினார். கழுத்து மடிப்பில், மூக்கின் மறுபக்கத்தில், சேலை கொசுவத்தின் உள்ளே. ஏற ஏற அந்தம்மாள் கிடங்கைவிட்டு வெளியே வந்தாள், ஒவ்வொரு அடியாக உப்புக்குள் வந்து நின்றாள், காற்று அவள்மேல் பட்டது. படத்தை வேண்டுமென்றே இருட்டாக்கிப் பார்த்தார், வெளுக்கவைத்துப் பார்த்தார், எதில் போட்டாலும் பிரியவில்லை. நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததால் பயம் கூடியது. இது சரி என்றால் மற்ற பதினொன்று. ஒன்று, இதையும் அவற்றைப்போலக் கெடுத்து வரிசையில் நிறுத்திவிட்டுப் பேசாமல் இருக்கலாம், திங்கட்கிழமை இடது கண்ணையும் முடித்துக்கொண்டு இனிமேல் சரியாகச் செய்யலாம், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. தியேட்டரில் தெரியும். அத்தனை பெரிய திரையில், இருட்டில், பிரமிளா மாதிரி ஆயிரம் பேர், கழுத்துக்கிட்ட ஏதோ ஒரு மாதிரி இல்ல என்று பெயர் தெரியாமல் நெளிவார்கள். அல்லது சொல்லிவிடலாம். சொன்னால் எப்படி ஆயிற்று என்பார்கள். எப்படி ஆயிற்று என்றால் கண். கண் என்றால் இருபது வருஷம். வாசலில் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, விக்டரின் குரல் மாடிப்படியிலேயே ஆரம்பித்துவிட்டது.

விக்டர் தனபால் எங்கு வந்தாலும் ஒரு கூட்டம் வந்த மாதிரி இருக்கும், ஆள் ஒருவர்தான். "என்ன ரங்கம் சார், புனே போயி மகள் கையால சாப்ட்டு ஒரு சுத்து பெருத்துட்டீங்க" என்று தோளில் ஒரு தட்டு. நௌஷாத் விளக்கை அணைத்தான். பொன்னுரங்கம் பின்வரிசையில் உட்கார்ந்தார். பதினொன்றும் ஓடின. பெரிய திரையில் வலது கண்ணுக்கு அவை ஒவ்வொன்றும் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தன, நீல உலகத்துக்கு நடுவில் ஒரு பழுப்புப் பெண், எங்கிருந்தோ கத்தரித்து ஒட்டியவள். விக்டர் ம் ம் என்றார். பன்னிரண்டாவது வந்தது. "நிறுத்து, நிறுத்து" என்றார் விக்டர். "இதுல மட்டும் என்னாச்சு நௌஷாத்? அம்மா ஐஸ் பெட்டிக்குள்ளருந்து எழுந்து வந்த மாதிரி இருக்காங்க?" நௌஷாத் சிரித்தான். பொன்னுரங்கத்துக்கு வீட்டு வாசலில் வசுமதிக்காக வாடகைக்கு எடுத்துவந்து வைத்த ஐஸ் பெட்டி கண்முன் வந்து நின்றது, உள்ளே டியூப்லைட், கண்ணாடி வியர்க்க வியர்க்க ஹேமா துண்டால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சார்" என்றார். தன் குரல்தானா என்று இருந்தது. "இதுதான் சார் சரி. மத்த பதினொண்ணும் தப்பு." விக்டர் திரும்பிப் பார்த்தார். "நீங்க எடுத்த உப்பளத்துல நெழல் நீலமா இருக்கு. அம்மா மேல நான் அத ஏத்தல. எனக்கு... நான் பாக்கல." விக்டர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் மூக்கு உரசுகிற மாதிரி நின்று பார்த்தார், முதலாவதைப் போடச் சொன்னார், மறுபடி பன்னிரண்டாவதை. "ஆமாய்யா" என்றார். "நீலந்தான். அன்னிக்கி காலைல அங்க அப்படித்தான் இருந்துச்சு, பல்லெல்லாம் அடிச்சுக்குது குளிர்ல." அப்புறம் திரும்பினார். "ஆனா டைரக்டர் பாத்துட்டாரே. பாத்துட்டு என்ன சொன்னார்னு தெரியுமா ரங்கம் சார்? ஊரே செத்துக் கெடக்கு, அம்மா ஒருத்தி மேலதான் உசுரு இருக்குன்னாரு. கண்ணு கலங்கிட்டாரு மனுஷன். ட்ரெய்லர்ல வேற போயாச்சு. தப்பாவே இருக்கட்டும், பதினொண்ணும் ஒரே மாதிரி தப்பா இருக்குல்ல? இதையும் அந்த மாதிரி பண்ணிடுங்க." போன் அடித்தது, பேசிக்கொண்டே படியிறங்கினார், கார்க் கதவு சாத்தும் சத்தம் வந்தது. அத்தனை நாள் பயந்தது முடிந்துவிட்டது, யாரும் எப்படி ஆயிற்று என்று கேட்கவே இல்லை. கேட்காதது நிம்மதியாக இருக்க வேண்டும். இல்லை. பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது என்று மறுபடியும் யாரோ சொல்லிவிட்டுப் போன மாதிரி இருந்தது.

அந்த மாதிரி பண்ணிடுங்க என்பது சொல்வதற்குச் சுலபம். பழைய ஷாட்டின் நம்பர்களைத் தூக்கி இதில் போட்டார், ஒட்டவில்லை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்து வெயில், ஒன்றின் கணக்கு இன்னொன்றுக்கு ஆகாது. வலது கண்ணால் பார்த்துப் பார்த்து நீலத்தைக் குறைத்தார், பழுப்பு ஏற்றினார். நௌஷாத் பின்னால் வந்து நின்றான். "இல்லண்ணே, சாயம் பூசின மாதிரி இருக்கு." மறுபடி செய்தார். "இப்ப மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்குண்ணே" என்றான், சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது, வசுமதி போனபோது வந்து எல்லா வேலையும் பார்த்தவன், நாக்கைக் கடித்துக்கொண்டு, "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே" என்றான். பொன்னுரங்கம் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. வலது கையால் வலது கண்ணை மூடினார், இடது கையால் மவுஸை நகர்த்தினார், பழக்கமில்லாத கை, ஆனாலும் நாலைந்து தள்ளலில் வந்துவிட்டது. உப்பு வேட்டி நிறத்துக்கு வந்தது, அம்மாள் அதோடு வந்தாள். "அட, இதாண்ணே!" என்றான் நௌஷாத். அப்புறம், "அது ஏண்ணே ஒரு கண்ண மூடிக்கிட்டு?" "வலது கண்ணுல புரை எடுத்துட்டேன் தம்பி. நான் புனே போகல." நௌஷாத் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். அவர் சொன்னார், வாக்கியம் வாக்கியமாக, திரையைப் பார்த்துக்கொண்டே, மஞ்சள் கண்ணாடி, தண்ணீர்க் குடம், ஐந்தாவது ஷாட்டின் நீலம், எல்லாம். வசுமதியைச் சொல்லவில்லை. சொல்லி முடித்தபோது, இனி இவன் எழுந்து போவான், போய் முதலாளியிடம் பேசுவான், சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் தெரியும் என்று காத்திருந்தார். நௌஷாத் எழுந்திருக்கவில்லை. "இடது கண்ணு இன்னும் பழைய மாதிரிதானே இருக்கு?" "ம்." "அதுக்கு எப்ப?" "திங்கக்கிழமை. ஹேமா லீவு போட்டுக்கிட்டு வர்றா." நௌஷாத் கொஞ்ச நேரம் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தான், கேட்கக் கூடாததைக் கேட்கப் போகிறவன் முகம். "அண்ணே, சத்தியமா தப்பாத்தான் கேக்கறேன். இந்த சீன் முடியற வரைக்கும் அத கொஞ்சம் தள்ளிப் போட முடியுமாண்ணே?"

பொன்னுரங்கத்துக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பா என்று சொல்ல முடியாத ஒன்று, அடிவயிற்றிலிருந்து வந்து மூக்கில் நின்றது. முத்திய புரை அப்படியே இருந்தால் கெடுதல், தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஹேமா கத்துவாள், டிக்கெட் என்ன ஆவது, உங்களுக்கு எப்பவுமே வேலைதான் என்பாள், அம்மா விஷயத்திலும் இப்படித்தான் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொள்வாள், எப்போதும் அந்த இடத்தில் நிறுத்திக்கொள்வாள், நிறுத்தியது போனில் இவருக்குக் கேட்கும். ஆனாலும் அவருக்குள் ஏதோ ஒன்று கேள்வி முடிவதற்கு முன்னாலேயே சரி என்று சொல்லிவிட்டிருந்தது, அது வேலை பறிபோகாத நிம்மதியா, வசுமதியைக் கடைசிவரை பார்த்த அந்தக் கண்ணைக் கொடுக்க மனசில்லாததா என்று பிரித்துப் பார்க்க அவருக்குத் தெரியவில்லை, பிரித்துப் பார்க்கவும் பயமாக இருந்தது. "முடியும்" என்றார். நௌஷாத் அவர் கையை ஒருமுறை பிடித்து அழுத்திவிட்டு, "டீ சொல்றேண்ணே" என்று எழுந்து போனான். பொன்னுரங்கம் மேஜை டிராயரிலிருந்து ஒரு டிஷ்யூ காகிதத்தை எடுத்து நாலாக மடித்து, மூக்குக்கண்ணாடியின் வலது பக்கத்துக்குள் செருகி, இரண்டு கையும் இப்போது சும்மா இருந்ததால் வலது கையாலேயே மவுஸைப் பிடித்துக்கொண்டு, பன்னிரண்டாவதைச் சேமித்துவிட்டு அடுத்ததைத் திறந்தார். உப்பளக் காட்சியில் இன்னும் ஒன்பது ஷாட் பாக்கி இருந்தன.